மூன்று பாட்டுக்கு மேல்

என் மனைவி தோர்தே இருபத்திரண்டு வருடமாக இசை விழாக்களில் படம் எடுக்கிறாள். பேர்போன பாடகர்களில் பாதிப் பேரைப் பத்தடி தூரத்தில் பார்த்தவள். ஆனால் அவர்களில் ஒருவருடைய நான்காவது பாட்டைக்கூட அவள் கேட்டதில்லை. பத்திரிகைக்குப் படம் எடுப்பவர்களுக்கு எங்கே போனாலும் ஒரே விதிதான். மேடைக்கும் தடுப்புக் கம்பிக்கும் நடுவில் இருக்கும் சந்தில் முதல் மூன்று பாட்டுவரை நிற்கலாம், ஃபிளாஷ் கூடாது, மூன்றாவது முடிந்ததும் நடையைக் கட்ட வேண்டும். அவளும் கட்டிவிடுவாள். அடுத்த மேடைக்கு ஓடுவாள், இல்லையென்றால் கூடாரத்தில் உட்கார்ந்து எடுத்த படங்களை அனுப்பிக்கொண்டிருப்பாள்.

வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் இதைச் சொல்லி நான் அவளைச் சீண்டுவேன். பதிலுக்கு அவள் என் போனைப் பிடுங்கி, நான் விழாக்களில் எடுத்த படங்களைச் சுற்றுக்கு விடுவாள். முன்னால் நிற்பவரின் தொப்பி, என் கட்டைவிரல், எங்கோ தூரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி. "இதுல மேடை எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறவங்களுக்கு இன்னொரு துண்டு கேக்" என்பாள். என் பெயர் எப்பே, பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை சொல்லிக்கொடுப்பவன். மரம் ஆடாமல் நிற்கும், பாடகர்கள் நிற்பதில்லை.

அவளுக்கு அந்த வித்தை கைவந்தது, அதை மறுக்கமாட்டேன். மைக் பாடுபவரின் வாயை மறைக்காதபடி ஓரடி பக்கவாட்டில் போய் நிற்பாள். மற்றவர்கள் பாடகரையே குறிவைத்துக்கொண்டிருக்கும்போது, டிரம்ஸ் அடிப்பவர் எந்த அடிக்குக் கையை ஓங்குவார் என்று எண்ணிக்கொண்டு காத்திருப்பாள். வீடியோ எடுத்தால் கேமராவை அங்கும் இங்கும் திருப்பவே மாட்டாள். ஒரே இடத்தில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும் என்பது அவள் கட்சி.

அதனால் எங்கள் மகள் வீபெ வீடியோ எடுத்துத் தரச் சொல்லி அவளிடம் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வீபெயும் அவளுடைய மூன்று தோழிகளும் நான்கு வருடமாக ஒரு குழு நடத்துகிறார்கள். தலைநகர்ப் பக்கம் நடக்கும் பெரிய விழாவில் அடுத்த கோடையில் பாட இடம் கேட்டிருந்தார்கள். விழாக்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: மக்கள் முன்னால் பாடிய ஒரு பாட்டு, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே வீடியோவாக, திங்கட்கிழமைக்குள். எங்கள் ஊர்க் கடற்கழி ஓரத்து மேய்ச்சல் நிலத்தில் நடக்கும் சிறிய விழாவில் சனிக்கிழமை நாலு மணிக்கு அவர்களுக்குக் கச்சேரி இருந்தது. அதை விட்டால் வேறு வழியில்லை. டிரம்ஸ் அடிக்கும் அஸ்டா அடுத்த கோடை முடிந்ததும் நார்வேக்குப் படிக்கப் போகிறாள். இந்த முறை கிடைக்கவில்லையென்றால் இனிக் குழுவே கிடையாது.

அனுப்ப வேண்டிய பாட்டை வீபெ ஐந்தாவதாக வைத்திருந்தாள். முதலிலேயே பாடிவிட்டால் அம்மாவுக்கும் வேலை சுலபம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் கூட்டம் சூடேறியிருக்காது என்று என் வாயை அடைத்துவிட்டாள். தோர்தே மேடைப் பொறுப்பாளரிடம் பேசி, கச்சேரி முடியும்வரை சந்திலேயே நிற்க அனுமதி வாங்கி, அதைத் தன் அடையாள அட்டையிலும் எழுதி வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் மழை, மதியம் வெயில். எல்லோரும் ரப்பர் பூட்ஸில் சேற்றுக்குள் நின்றோம். நான் பத்தாவது வரிசையில் பியர் கோப்பையோடு இருந்தேன். சந்துக்குள் தோர்தேயும் இன்னும் ஐந்து படக்காரர்களும். முதல் பாட்டில் வீபெயின் குரல் கொஞ்சம் இறுகியிருந்தது, இரண்டாவதில் சரியாகிவிட்டது, மூன்றாவதுக்கு எனக்குப் பக்கத்தில் நின்றவர்களே ஆட ஆரம்பித்தார்கள். பெருமையில் எனக்குக் கழுத்து நீண்டுவிட்டது.

மூன்றாவது பாட்டு முடிந்தது. சந்துக்குள் இருந்த ஆறு பேரும் எழுந்தார்கள். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, முதுகை வளைத்தபடி, பக்கக் கதவு வழியாக வரிசையாக வெளியேறினார்கள். வரிசையின் முதல் ஆள் என் மனைவி.

ஏதோ திட்டத்தோடுதான் போகிறாள் என்று நினைத்தேன். திட்டமாவது ஒன்றாவது. கால் தானாக நடந்திருக்கிறது. சாசேஜ் கடையின் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் அவளுக்குப் பகீரென்றிருக்கிறது. திரும்பி ஓடினாள். கதவில் ஹோல்கர் நின்றிருந்தார். தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வு பெற்று, விழா சமயத்தில் காவலுக்கு நிற்பவர். அட்டையைப் பார்த்துவிட்டு, கடைசிவரை உள்ளே இருக்க அனுமதி வாங்கியவள் எதற்காக வெளியே வந்தாள் என்று கேட்டார். சாத்திய கதவு கச்சேரி முடிந்துதான் திறக்கும், கூட்டம் நெருக்கித் தள்ளினால் ஆட்களை வெளியே எடுக்க அந்த இடம் காலியாக இருக்க வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஹோல்கரிடம் கெஞ்சிப் பயனில்லை என்பது ஊருக்கே தெரியும்.

நான்காவது பாட்டு பாதியில் இருந்தபோது என் விலாவில் ஒரு முட்டி இடித்தது.

"குனி," என்றாள் தோர்தே.

கூட்டத்துக்குள் வந்துவிட்டால் அவளுக்கு ஒன்றுமே தெரியாது. எங்கள் ஊர்ப் பெண்களில் அவள்தான் குள்ளம், பார்க்கும் இடமெல்லாம் அடுத்தவர் முதுகு. விஷயம் புரிந்ததும் எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது என்பதை நினைவுபடுத்தினேன்.

"வயசை அப்புறம் பேசிக்கலாம், எப்பே. இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

பியரைப் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் சேற்றில் மண்டியிட்டேன். அந்தப் பியரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. தோர்தே அறுபது கிலோ என்று டாக்டரிடம் சொல்லுவாள். தூக்கிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு. நான் எழுந்து நின்றதும் பின்னால் மஞ்சள் மழைச்சட்டை போட்டிருந்த ஒரு அம்மாள் மறைக்கிறது, மறைக்கிறது என்று சத்தம் போட்டார். பாடுகிற பெண்ணின் அம்மா மேலே இருக்கிறாள் என்று சொன்னேன். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று திட்டிவிட்டு, இரண்டு கைகளையும் என் முதுகில் வைத்து முட்டுக் கொடுத்தார். பாட்டு முடியும்வரை அந்தக் கைகளை எடுக்கவே இல்லை.

அந்தப் பாட்டில் நான் எதையும் பார்க்கவில்லை. இரண்டு காதிலும் முழங்கால். இடையிடையே மேலேயிருந்து உத்தரவு வந்தது: ஆடாதே, மூச்சை மெதுவாக விடு, தலையை ஆட்டாதே. தாளம் கேட்டால் என் தலை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடியபோது என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. வானத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. ஆனால் பிறகு வீடியோவைப் பார்த்தபோது அதில் சிறு நடுக்கம்கூட இல்லை.

மேடைக்குப் பின்னால் வீபெ, ஏன் கூட்டத்துக்குள் போனாய் என்று கேட்டாள். கூட்டத்தின் நடுவில் இருந்து எடுத்தால்தான் வீடியோவுக்கு உயிர் வரும் என்று அந்த நிமிடத்தில் தோன்றியதாகச் சொன்னாள் தோர்தே. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் அப்போது நிமிரவே முடியவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து வீபெ போனில் இருந்து படித்தாள். இடம் கிடைத்துவிட்டது. வந்த வீடியோக்கள் அத்தனையிலும், பாடுகிறவர் ஒரே ஒரு ஆளைப் பார்த்து முழுப் பாட்டையும் பாடியது இது ஒன்றில்தான் என்றும், கேமராவைப் பிடித்திருந்தவருக்கு நன்றி சொல்லவும் என்றும் எழுதியிருந்தார்கள். கட்டிப்பிடித்துக் குதித்தோம். நான் மட்டும் டாக்டர் கொடுத்த இடுப்புப் பட்டையோடு நின்றபடி கைதட்டினேன்.

கூட்டத்துக்குள் போனது எவ்வளவு நல்ல யோசனை என்று தோர்தே ஆரம்பித்தாள். எந்த இடத்தில் நிற்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று பாடமும் எடுத்தாள். வீபெ போனை மேசையில் வைத்தாள்.

"அம்மா, மேடையிலேர்ந்து பார்த்தா எல்லாம் தெரியும். மூணாவது முடிஞ்சதும் வரிசையில முதல் ஆளா நீதான் போன."

தோர்தே காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷமா பாக்கறேன். எங்க பாடினாலும் மூணு பாட்டு, அதோட உன் இடம் காலி. அந்தப் பாட்டை அஞ்சாவதா வெச்சதே, அதுக்காகவாவது நீ இருப்பேன்னுதான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்க வைத்த கதை, எங்கள் வீட்டிலேயே ஒருத்திக்கு வலித்திருக்கிறது என்று எனக்கு அதுவரை உறைக்கவில்லை. வெட்கமாகிவிட்டது.

நான்காவது பாட்டு எது என்று தோர்தே கேட்டாள். ஓடிக்கொண்டிருந்ததில் காதில் விழவில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் கேளு," என்றாள் வீபெ. "அங்கயும் அதை நாலாவதாத்தான் பாடப் போறோம்."

தோர்தே எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டாள். அடுத்த வருடம் பெரிய விழாவில் வீபெ பாடும் நாளில் தனக்கு விடுமுறை வேண்டும், படம் எடுக்க வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் விழா நாளில் விடுமுறை கேட்டதே இல்லை. அந்தப் பக்கம் ஆசிரியர் பதறிப்போய், உடம்புக்கு என்ன என்று கேட்டது எங்களுக்கே கேட்டது.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "பாட்டு கேக்கப் போறேன்."