கோடு போட்ட பந்தி

13.08.2024, செவ்வாய்

இன்று ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். ஹஸ்மியின் கதையைக் கணினியில் தட்டும்போது, அவன் கோடு போட்டு வெட்டியிருந்த சில வரிப் பந்தி ஒன்றையும் சேர்த்துத் தட்டிவிட்டேன். கவனக்குறைவுதான். வகுப்பில் எல்லோரும் எழுதிய கதைகளை ஒரே பிடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. நாளை நான் வேலை செய்யும் கடைக்குப் போனதும் அதை எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாம்.

இதைச் சற்று விளக்கமாக எழுதிவைக்கிறேன். சுருக்கி எழுதினால் பிறகு எனக்கே விளங்குவதில்லை.

செவ்வாயும் வியாழனும் மாலையில் நான் கதை எழுதும் வகுப்புக்குப் போகிறேன். பகலில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு டியூட்டரியின் மேல்மாடி. யன்னலால் பார்த்தால் உள்துறைமுகமும் மூதூர்ப் படகுகள் கட்டும் இறங்குதுறையும் தெரியும். நடத்துபவர் தர்மசீலன் சேர். அவருக்கு ஒரு பிடிவாதம். முதற்பிரதி கையால் எழுத வேண்டும். பேனையால்தான். பிடிக்காத இடத்தை ஒற்றைக் கோடு போட்டு வெட்டலாம், கிறுக்கி மறைக்கக்கூடாது.

"நீங்கள் எதை வெட்டினீங்கள் எண்டு எனக்குத் தெரிய வேணும்," என்பார். "கொம்பியூட்டரில அழிச்சால் அது காத்தோட போச்சு."

"அப்ப கறுவாப்பட்டை மாதிரி சேர்," என்றான் ஹஸ்மி ஒருநாள். "கறியிலயும் கிடக்க வேணும், தின்னவும் கூடாது."

சேர்கூடச் சிரித்தார்.

எனக்கு அந்த விதி கஷ்டமாக இருக்கவில்லை. போட்டோக்கொப்பிக் கடையில் பகல் முழுவதும் மற்றவர்களுடைய விண்ணப்பங்களைத் தட்டுகிறேன். விரல்கள் என்னைக் கேட்காமலே ஓடும். ஆனால் சொந்தமாக ஒன்றைத் தட்ட உட்கார்ந்தால் ஒரு வசனம் எழுதுவேன், அழிப்பேன், வேறு மாதிரி எழுதுவேன், அழிப்பேன். கடைசியில் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அதனால்தான் இந்த நாட்குறிப்பை நீலப் பேனையால் எழுதத் தொடங்கினேன். இதற்கு என் சொந்த விதி சேருடையதைவிடக் கடுமையானது. இங்கே ஒன்றையும் வெட்டக்கூடாது. பிழை என்றால் பிறகு வரும் நாளில் திருத்தி எழுத வேண்டும். பிழையும் அப்படியே கிடக்கும்.

வகுப்பில் தட்டத் தெரிந்தவன் நான்தான் என்பதால் தொகுப்பைத் தட்டும் வேலை எனக்கு வந்தது. ஹஸ்மி தான் எழுதும் கொப்பியையே தூக்கித் தந்தான். குவைத்தில் வீட்டுவேலைக்குப் போன ஒரு தாயைப் பற்றியது அவன் கதை. அவளுடைய பிள்ளையை வளர்ப்பவள் சாச்சி, தாயின் தங்கை. வெட்டப்பட்ட பந்தியை இங்கே எழுதிவைக்கிறேன்:

'வெள்ளிக்கிழமை கோல் வர முன்னம் சாச்சி பிள்ளைக்கு முகம் கழுவி, பவுடர் பூசி, மடியில் இருத்துவாள். தன் நெஞ்சைத் தொட்டு, "இது ஆரு?" என்பாள். "சாச்சி" என்று பிள்ளை சொல்ல வேண்டும். "போனில வாறது ஆரு?" "உம்மா." பிழைக்காமல் சொல்லும்வரை விடமாட்டாள். கோல் முடிந்து திரை கறுத்ததும் பிள்ளை மெல்லக் கேட்கும்: "இனி உங்கள உம்மா எண்டு கூப்பிடலாமா?"'

ஏன் இதைப் பார்த்து எழுதினேன் என்று தெரியவில்லை. பதிவுக்காகத்தான்.

14.08.2024, புதன்

காலையிலேயே பந்தியை எடுத்துவிட்டேன். மேலே இருந்ததும் கீழே இருந்ததும் ஒட்டிக்கொண்டன. நடுவில் ஏதோ இருந்தது என்பதற்கு அடையாளமே இல்லை. பழைய கோப்பைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டேன். 'சில எழுத்துப் பிழைகள் திருத்தப்பட்டுள்ளன' என்று ஒரு வரியும் சேர்த்தேன். அது உண்மையல்ல. எழுத்துப் பிழை ஒன்றும் இருக்கவில்லை.

ஹஸ்மிக்குத் தனியாகச் சொல்லவில்லை. அவன் பார்த்ததாகவும் தெரியவில்லை. அவன் உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறான். பகலில் போனைத் தொடுவதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

இந்த ஊருக்கு வந்து ஒரு வருடமாகப் போகிறது. வெருகலிலிருந்து அம்மா ஞாயிறுகளில் பேசுவார். அறைக்காரர் வாடகை நாளில் பேசுவார். கடையில், 'எத்தனை கொப்பி?' என்ற கதைதான். வேலை இல்லாமல் சும்மா என்னோடு நின்று கதைப்பது ஹஸ்மி ஒருவன்தான். வகுப்பு முடிந்ததும் இறங்குதுறைத் தேநீர்க் கடையில் இரண்டு பிளேன் டீ. பிறகு அவன் மோட்டார் சைக்கிளில் கிண்ணியாவுக்குப் போய்விடுவான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் வகுப்புக்குப் போகிறேனோ என்றுகூடச் சந்தேகம் வருவதுண்டு.

15.08.2024, வியாழன்

சரியாகவில்லை.

சேர் செவ்வாய் இரவே முதற்கோப்பை இறக்கி அச்செடுத்து வைத்திருந்தார். வகுப்புத் தொடங்கியதும் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"திலக்சன், ரெண்டாவதில ஒரு பந்தியைக் காணேல்லையே. ஆர் தூக்கினது?"

"எந்தப் பந்தி சேர்?" என்று கேட்டது நானல்ல, ஹஸ்மி.

சேர் அதைச் சத்தமாக வாசித்தார். நல்ல குரல் அவருக்கு. 'இனி உங்கள உம்மா எண்டு கூப்பிடலாமா?' என்று முடித்துத் தாளைக் கீழே வைத்தார்.

"அது நான் வெட்டினது சேர்," என்றான் ஹஸ்மி.

"ஏன் வெட்டினீர்? முழுக் கதையும் அதுக்குள்ளதானே கிடக்கு!"

ஹஸ்மி என்னைப் பார்த்தான்.

"தவறிப் போச்சு மச்சான்," என்றேன். "கண் பிசகிட்டுது."

அவன் சிரித்தான். "சரி விடு. நாள் முழுக்க விண்ணப்பம் தட்டுற கை. அதுக்கு நிப்பாட்டத் தெரியுமா? நாளைக்கு என்னை விண்ணப்பத்தில கையெழுத்துப் போடுற கிராமசேவகராகவும் ஆக்கிவிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மன்னித்துவிட்டான் என்று நினைத்தேன்.

அப்போது ஜுமானா வாயைப் பொத்தினாள். அவளும் கிண்ணியாதான். ஹஸ்மியின் அக்காவோடு ஒன்றாகப் படித்தவள்.

"ஹஸ்மி, அதை நான் ஸல்ஹாவுக்கு அனுப்பிட்டனே. செவ்வாய்க்கிழமையே. தம்பி கதை எழுதியிருக்கான், வாசிச்சுப் பார் எண்டு..."

"எதை? முதல் வந்ததையா?"

"ஓம். அவள் சந்தோசப்படுவாள் எண்டுதான் அனுப்பினனான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. குவைத்தில் இருப்பது ஹஸ்மியின் சொந்த அக்கா ஸல்ஹா. ராத்தா என்று அடிக்கடி அவன் வாயில் வரும், வெளிநாட்டில் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். பிள்ளை ராத்தாவின் மகள். சாச்சி அவன் தங்கை.

ஹஸ்மி எழும்பி வெளியே போனான். நான் பின்னால் ஓடினேன். படிக்கட்டில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு நீலக்கோடு விழுந்திருக்காம்," என்றான். "ஜுமானா இப்பதான் போனைப் பாத்து மெசேஜ் போட்டா. ராத்தா பாத்திட்டா."

"நான் திருத்தினனான், அடுத்த நாளே..."

"அது இஞ்ச. அங்க?" அவன் கோபமாகப் பேசவில்லை. "எழுதிப் பாக்க வேணும் போல இருந்திச்சு, எழுதினனான். பாத்திட்டு வெட்டினனான். கொப்பிக்குள்ள கிடந்தா அது ஒருத்தருக்கும் போகாதெடா."

தேநீர் குடிக்காமல் போய்விட்டான். கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

18.08.2024, ஞாயிறு

ஹஸ்மி பதில் போடவில்லை. நான் அனுப்பினால்தானே பதில் போடுவான் என்றும் எழுத வேண்டும். வெள்ளியிலிருந்து அவனுக்குச் செய்தி தட்டுகிறேன். 'மச்சான், மன்னிச்சுக்கொள்' என்று தட்டுவேன். அது போதாது போல இருக்கும். அழித்துவிட்டு, 'ராத்தா என்ன சொன்னா?' என்று தட்டுவேன். அதைக் கேட்க நான் யார் என்று அதையும் அழிப்பேன். நேற்றுப் பின்னேரம் ஒருதரம் அவனும் இணைப்பில் இருந்தான். நான் தட்டிக்கொண்டிருப்பது அவனுடைய திரையில் தெரிந்திருக்கும். தட்டி, நிறுத்தி, தட்டி, நிறுத்தி, கடைசியில் ஒன்றும் வராததையும் பார்த்திருப்பான். பிறகு அவன் போய்விட்டான்.

இன்று காலை கடற்கரைப் பக்கம் நடந்தேன். ஊருக்குள் திரியும் மான்கள் வீதியோரக் குப்பையில் வாழையிலை தின்றுகொண்டு நின்றன. சீனன்குடாப் பக்கம் ஒரு கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. காட்டுவதற்கு ஆள் இல்லை. அறைக்கு வந்து கதிரையை மேசைக்கு இழுத்து, ஹஸ்மியின் கொப்பியைத் திறந்தேன்.

அந்தக் கோட்டைப் பார்த்தேன். அடிமட்டம் வைத்துப் போட்டிருக்கிறான். பந்தியின் முதல் எழுத்திலிருந்து கடைசிக் கேள்விக்குறிவரை, ஒவ்வொரு வரிக்கும் நேரான கோடு. கறுப்புப் பேனையால் எழுதி, சிவப்புப் பேனையால் வெட்டியிருக்கிறான். கண் பிசகக்கூடிய கோடு அல்ல அது.

பதின்மூன்றாம் திகதி எழுதியதைத் திருத்துகிறேன்.

அன்று கடையில் ஆட்கள் இல்லை. இடது பக்கம் கொப்பியை வைத்து, பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டு வந்தேன். சிவப்புக் கோடு வந்ததும் விரல்கள் தாமாகவே நின்றன. ஹஸ்மி சொன்னது பிழை, என் கைக்கு நிற்கத் தெரியும். தாண்டி அடுத்த பந்திக்குப் போக வேண்டும். போகாமல் அதை வாசித்தேன். திரும்ப வாசித்தேன். எனக்கு இப்படி ஒரு வரி வராது என்று நினைத்தேன். பொறாமையா, சந்தோசமா என்று இன்னும் பிரித்தறிய முடியவில்லை. இது இல்லாமல் கதை சும்மா கதை, இதை வெட்டியது அவனுடைய கூச்சம் என்று நானே ஒரு தீர்ப்புச் சொன்னேன். அச்சில் வந்தால் எல்லோரும் பாராட்டுவார்கள், அவனும் சம்மதிப்பான், 'நல்ல வேலை செய்தாய் மச்சான்' என்பான் என்றும் நினைத்தேன். தேநீர்க் கடையில் அவன் அதைச் சொல்லுவதுபோலக்கூட நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் தட்டினேன். மெதுவாகத் தட்டினேன். வேறெதையும் நான் அவ்வளவு மெதுவாகத் தட்டியதில்லை.

குழுவில் போட்ட பிறகு பயம் வந்தது. பயம் வந்த பிறகு தவறு என்று எழுதினேன்.

கணினியில் என்றால் இப்போது பதின்மூன்றாம் திகதிக்குப் போய் 'சிறிய தவறு', 'கவனக்குறைவு' என்ற சொற்களை எடுத்துவிடலாம். இங்கே ஏலாது. நான் போட்ட விதி. சற்று முன்னம் பேனையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வெட்டவில்லை.

20.08.2024, செவ்வாய்

ஹஸ்மி வகுப்புக்கு வரவில்லை. அவன் கதிரையில் யாரோ தலைக்கவசத்தை வைத்திருந்தார்கள்.

ஜுமானா வாசலிலேயே என்னைப் பிடித்தாள். "ஸல்ஹா கோல் எடுத்தாள். உங்களுக்குச் சொல்லத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"என்ன சொன்னா?"

"அழல்ல. சண்டையும் பிடிக்கல்ல. இனி வீடியோ வேண்டாமாம், குரல் மட்டும் போதுமாம். பிள்ளைக்கு ஒண்டும் பழக்க வேண்டாமாம். அது யாரை எப்படிக் கூப்பிடுதோ அப்படியே கூப்பிடட்டுமாம்." ஜுமானா பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். "ஹஸ்மிட தங்கச்சி ரெண்டு நாளாச் சாப்பிடல்லயாம். தான் பிள்ளையைப் பறிச்ச மாதிரி ஆயிட்டெண்டு. ஹஸ்மி என்னோட கதைக்கான். உங்களைப் பத்திக் கேட்டன். திலக்சன் என்ன செய்வான், தவறுதலா நடந்ததுதானே எண்டான்."

என்னைத் திட்டியிருந்தான் என்றால் தாங்கியிருப்பேன்.

வகுப்பு முடிந்ததும் சேர் கூப்பிட்டார். தொகுப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

"அந்தப் பந்தி உள்ளுக்கு வரட்டும். ஹஸ்மியோட நான் கதைக்கிறன். எழுதினவனுக்குச் சில நேரம் தன்ர எழுத்துத் தெரியாது."

"ஏலாது சேர்."

"என்ன ஏலாது?"

"அவர் வெட்டினது. நான் பாத்தனான், வெட்டினது எண்டு தெரிஞ்சுதான் தட்டினனான்."

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அண்டைக்குக் கண் பிசகிட்டுது எண்டீரே?"

"பொய் சேர்."

அவர் முதற்கோப்பின் அச்சுத் தாளை இரண்டாக மடித்து என்னிடம் தந்தார். "இதையும் கொண்டுபோம். என்னட்ட இருந்தால் திரும்பத் திரும்ப வாசிப்பன்."

இறங்குதுறைத் தேநீர்க் கடையில் தனியாக நின்றேன். "மற்றத் தம்பி எங்க?" என்று கடைக்காரர் கேட்டார். வரவில்லை என்றேன். "சுகமில்லையோ?" என்றார். தெரியாது என்றேன். கடைசி மூதூர்ப் படகு போய் வெகுநேரம் ஆகியிருந்தது. குடித்து முடிக்குமுன் தேநீர் ஆறிவிட்டது.

அறைக்கு வந்து ஹஸ்மிக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று யோசித்தேன். கையெழுத்தில் எழுதினால் மரியாதையாக இருக்கும். ஆனால் எனக்கு என்னைத் தெரியும். நல்ல வசனம் ஒன்று வந்துவிட்டால் அதிலேயே நின்றுவிடுவேன். கடிதம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, கொண்டுபோய்க் கொடுக்கமாட்டேன். எழுதவில்லை.

அவன் கொப்பியையும் சேரின் தாளையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அவன் என்னோடு கதைப்பதை நிறுத்திவிடலாம். சொல்லாவிட்டால் வியாழனன்றே வந்துவிடுவான், தேநீரும் குடிப்போம், நான் தவறுதலாகச் செய்தவனாகவே அவன் பக்கத்தில் நிற்பேன். இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

நாளை: முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்க வேண்டும். காலைக் கிண்ணியா பஸ்ஸில் போக வேண்டும். கொப்பியை ஹஸ்மியின் கையில் கொடுக்க வேண்டும். கோட்டைப் பார்த்தேன், பார்த்துத்தான் தட்டினேன் என்று சொல்ல வேண்டும்.