பிளக்கின் நிறம்

மஃபின் கேக் சுடும் தகரத் தட்டில்தான் அந்த வீட்டில் பனிவண்டியின் ஸ்பார்க் பிளக்குகள் இருந்தன. இடப்பக்கக் குழிகளில் சூடான ரகம், நடுவில் நடுத்தரம், வலப்பக்கத்தில் குளிர்ந்த ரகம். காலைக் காப்பி முடிந்ததும் இர்யா தட்டை மேசைக்குக் கொண்டுவந்து ஜன்னல் பக்கமாகத் தள்ளி வைத்தாள். வெளியே ஏரி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது.

முந்தைய நாள் சோதனை ஓட்டத்தில் கழற்றிய பிளக்கை ரெய்னோ நீட்டினான். "இது என்ன நிறம்?"

"நீயே சொல்லேன்."

"சாம்பல்."

"உனக்கு என் தலைமுடியும் சாம்பல்தான்."

"கல்யாணத்தன்னிக்கே அப்படித்தான் இருந்துச்சு. போனாப் போகுதுன்னு கட்டிக்கிட்டேன்."

ரெய்னோவின் கண்ணுக்குச் சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் பிறவியிலிருந்தே ஒன்று. பனிவண்டி இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு பிளக்கின் நிறம் மட்டும் பிடிபடாது. முழு வேகத்தில் ஓட்டி, சட்டென்று அணைத்து, பிளக்கைக் கழற்றி அதன் பீங்கான் மூக்கைப் பார்க்க வேண்டும். கறுத்திருந்தால் எண்ணெய் எரியவில்லை. வெளுத்திருந்தால் உள்ளே நெருப்பு மிஞ்சிவிட்டது, பிஸ்டனில் ஓட்டை விழப்போகிறது. பால் விட்ட காப்பியின் நிறம் வந்தால் சரி. அந்தப் பார்வை இர்யாவின் வேலை. அவன் கை, அவள் கண் என்று ஏரிக்கரையில் சொல்வார்கள்.

அவள் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பினாள். "உப்பு மாதிரி வெளுத்திருக்கு. நடுத்தரம் தாங்காது."

"அதையே போட்டா பந்தயம் முடிஞ்சு திரும்பி வரும்போது மாத்த வேணாமேன்னு பார்த்தேன்."

"சோம்பேறி. பாதி ஏரியில பிஸ்டன் உருகினா வண்டியத் தோள்ல தூக்கிட்டு வருவியா?"

அவள் சொன்னது சரி. அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் இன்ஜினைத் தோண்டித் துருவி, அழுத்தத்தைக் கூட்டி, வேறு புகைக்குழாய் மாட்டியிருந்தான். இரவில் குளிரும் இறங்கியிருந்தது. குளிர்ந்த காற்று கெட்டியான காற்று, அதில் நெருப்பு இன்னும் கடுமையாக எரியும். அப்படிப்பட்ட இன்ஜினுக்குச் சூட்டை உடனுக்குடன் வெளியே தள்ளுகிற குளிர்ந்த பிளக்தான் வேண்டும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போக முடியாது. மேலே படிகிற எண்ணெயை எரிக்க அதனிடம் சூடு இருக்காது. கறுத்து, நனைந்து, பொறி விடாமல் செத்துப்போகும். அதனால் பந்தயத்துக்குக் குளிர்ந்தது, வீடு திரும்பச் சூடானது. திரும்புவதற்கான பிளக்குகளைக் கம்பளிக் காலுறையில் போட்டு, உடம்புச் சூட்டில் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வது அங்கே எல்லோருக்கும் வழக்கம். இர்யா மூன்றை எடுத்து, பொறி பாயும் இடைவெளி சரிபார்த்து, காலுறையில் இட்டு, அவன் பைக்குள் செருகிப் பித்தானையும் போட்டுவிட்டாள்.

அன்று மதியம் எதிர்க்கரைப் பந்தயத்தில் அவன் வண்டியை ஒருவராலும் தொட முடியவில்லை. ஓட்டம் முடிந்ததும் அவன் பிளக்கைக் கழற்றிக் கொடுக்க, அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

"காப்பி," என்றாள்.

"பால்?"

"சரியா விட்டிருக்கு."

அவன் அவள் தொப்பியைப் பிடித்து மூக்குவரை இழுத்துவிட்டான்.

கூட்டம் கலைகிற நேரத்தில் பக்கத்து வீட்டு அர்விட் வந்தான். "டேய் ரெய்னோ, பாலத்தடிப் பூதம் ஒண்ணு மாட்டிக்கிட்டு முழிக்குது, வந்து பாரு." பெரிய பாலத்துக்குத் தெற்கேயிருந்து வருகிறவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். அந்த ஆளின் வண்டியில் மூன்று பிளக்கும் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. மாற்று எடுத்து வரவில்லை. வடக்குக் காட்டுப்பாதை வழியாக இருட்டுமுன் போய்ச் சேர வேண்டும் என்றான். பெயர் டுவெய்ன்.

பனிமேல் நிற்பவன் பிளக் கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதுமில்லை. ரெய்னோ பித்தானைக் கழற்றினான்.

"அப்ப நீ?" என்றாள் இர்யா.

"விரட்டிக்கிட்டே போயிடுவேன். வேகமாப் போனா இது கறுக்காது. நீ சொல்ற பாடம்தானே?"

"லாரியில ஏத்திடலாம், ரெய்னோ."

"ஜெயிச்ச வண்டிய லாரியிலயா? செத்த மாட்டைக் கொண்டுபோற மாதிரி? நீ போய் சவுனாவப் பத்தவை. கல்லு சூடாகறதுக்குள்ள வந்துடறேன்."

"அவன் என்ன கடல் தாண்டி ஹெல்சிங்கிக்கா போறான்? அதோ உங்க புகைபோக்கி தெரியுதே!" என்று அர்விட் சிரித்தான்.

அவள் அர்விட்டின் லாரியில் சாலை வழியாக வீடு வந்து சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்பில் விறகு வைத்தாள். நிமிர்ந்தபோது எதிர்க்கரை இல்லை. காற்று எழுந்து ஏரியின் பனியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது.

இன்ஜின் சத்தம் முதலில் நன்றாகத்தான் வந்தது, மூன்று சிலிண்டரும் ஒரே குரலில். ஆறு ஏரியில் கலக்கும் ஆற்றுவாய்ப் பக்கம் வந்ததும் தணிந்தது. அங்கே அடியில் நீரோட்டம், பனிக்கட்டி எந்த மாதத்திலும் மெல்லியது. சுற்றிப் போகிற வழிக்கு அடையாளமாக ஸ்ப்ரூஸ் மரக் கிளைகள் நட்டிருப்பார்கள். அவன் கிளைகளைத் தேடுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. வேகமாகப் போனால் வழி தெரியாது. மெதுவாகப் போனால் பிளக் சாகும். இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று சிலிண்டரில் ஒன்றின் குரல் அடங்கியது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

அவள் சமையலறைக்கு ஓடித் தட்டிலிருந்து சூடான பிளக்குகளை அள்ளிக்கொண்டு கரைக்கு வந்தாள். கத்தினாள். கத்தியது அவள் காதிலேயே விழவில்லை. பனிக்குள்ளிருந்து இன்ஜின் ஒருமுறை இருமியது. அவன் இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுக்கிறான். மறுபடி ஒரு இருமல். பிறகு காற்று மட்டும்.

அர்விட் ஏணியும் கயிறுமாகப் பனிமேல் இறங்கி, முதல் கிளைவரை போய், காலடியில் பனிக்கட்டி முனகத் திரும்பி வந்தான். "முடியல இர்யா. தாங்கல. ஏதாவது சொல்லு." அவள் கைக்குள் பிளக்குகள் குளிர்ந்துகொண்டிருந்தன.

காற்று ஓய்ந்த பிறகுதான் தேட முடிந்தது. உடைந்த பனிக்கட்டிக்கு அடியிலிருந்து ரெய்னோவை எடுத்தார்கள். வண்டி கீழேயே இருந்தது.

பனி உருகிய பிறகு டுவெய்ன் வந்தான். கதவருகே நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினான். "எனக்கு அப்பத் தெரியாதுங்க. அன்னிக்கு நான் கேட்டிருக்கவே கூடாது."

"கேட்டா குடுக்கத்தான் செய்வான். உள்ள வாங்க, காப்பி குடிங்க."

அவன் உட்காரவில்லை. அன்று ரெய்னோ கொடுத்த காலுறையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். வீடு சேர்ந்ததுமே பிளக்குகளைக் கழற்றிவிட்டானாம், பிறகு அந்த வண்டியை எடுக்கவே இல்லையாம்.

இர்யா காலுறையைக் கவிழ்த்தாள். பிளக்குகளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்து, வழக்கம்போல் நிறத்தைச் சொன்னாள்.

காப்பி. பால் சரியாக விட்டிருந்தது, மூன்றிலும்.