பதினான்கு நாள், ஐந்து ஊர்

ஒருவரைப் பழிவாங்க வேண்டுமென்றால் சத்தம் போடக் கூடாது, அட்டவணை போட வேண்டும். பத்தொன்பது வருட உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்டது இது.

நகரப் பேருந்து டிப்போவில் நேர அட்டவணைப் பிரிவில் இருக்கிறேன். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த ஓட்டுநர் எங்கே இறங்கி யாரிடம் வண்டியைக் கொடுப்பார், நடுவில் எத்தனை நிமிடம் டீ குடிக்கலாம், எல்லாம் என் கையில். வாய்த்துடுக்காகப் பேசிய ஓட்டுநரை நான் திருப்பித் திட்டியதே கிடையாது. அடுத்த வாரம் டூட்டியை இரண்டாகப் பிரித்துப் போடுவேன். காலை ஐந்து முதல் ஒன்பது, மாலை நாலு முதல் எட்டு. விதிப்படி எல்லாம் சரியாக இருக்கும். மனிதர் வீட்டுக்கும் போய்ச் சேர முடியாது, டிப்போவிலும் கண்ணயர முடியாது. மூன்றாம் நாள், "அன்னைக்கு ஏதோ வாய் தவறிடுச்சு தங்கச்சி" என்று மேசை முன்னால் வந்து நிற்பார். நானும் போனால் போகிறது என்று மாற்றிக் கொடுப்பேன்.

இந்த வித்தையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். புதிதில் நாங்கள் போன ஒரே பயணத்துக்கு மாமியாரும் கொழுந்தனும் கூடவே வந்தார்கள். அந்தப் படங்களில் அவர்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எடுத்தவள் நான் என்பதால் நான் இருக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை நடத்துகிறார். ஊரில் எல்லாருக்கும் பார்வையைச் சரிசெய்து கொடுப்பவர், நான் எதிரில் நின்றால் தம்பி எங்கே என்று தேடுவார். ஒரே ஒரு தடவை, நாங்கள் இரண்டு பேர் மட்டும், யாரும் எட்டிப்பார்க்க முடியாத தூரத்துக்குப் போக வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஐரோப்பா என்று முடிவு செய்ததற்குக் காரணம்கூட அந்தத் தூரம்தான்.

அந்தப் பயணத்துக்கு ஐந்து வருடம் திட்டம் போட்டேன். பாரிஸ், லூசெர்ன், மிலன், வெனிஸ். எந்த ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஏரி தெரியும், கூட்டம் எத்தனை மணிக்குக் கலையும், எந்தக் கிழமை எது பூட்டியிருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். வண்டி மாறும் இடங்களில் மூச்சுவிட நேரம் இருந்தால் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போடுவேன். அது டிப்போ பழக்கம்.

போன வருடம் என் லீவு விண்ணப்பம் மேலதிகாரியின் மேசையில் கிடந்தபோது கொழுந்தனும் ஓரகத்தியும் போய்விட்டு வந்தார்கள். பாரிஸ், லூசெர்ன், மிலன், வெனிஸ். அதே வரிசை. படம் படமாக வந்து விழுந்தது. லூசெர்ன் பாலத்தில் மாலை நாலேகாலுக்கு, ஆள் இல்லாத நேரம் பார்த்து நின்றிருந்தார்கள். அந்த நாலேகாலைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

திரும்பி வந்ததும் வீட்டில் விருந்து. "எல்லாம் இவங்களே உக்காந்து போட்ட பிளான், அத்தை" என்று ஓரகத்தி கணவரைக் காட்டிச் சொன்னாள். மாமியார் என்னைப் பார்த்தார். "நீயும்தான் வருஷக்கணக்கா பேப்பரும் கையுமா இருக்க. அவங்க பாரு, சத்தமில்லாம போயிட்டு வந்துட்டாங்க."

என் கொழுந்தன் ஒரு விண்ணப்பத்தை நிரப்ப மூன்று பேரைக் கூப்பிடுகிறவர். அவர் திட்டம் போட்டாராம். ஓரகத்தி எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற நேரத்தில் என் கணினியில் கை வைத்திருக்கிறாள் என்று அன்றே தீர்மானித்துவிட்டேன். ஒரு வருடம் அவளோடு சிரித்துப் பேசினேன், உள்ளே கறுவிக்கொண்டே இருந்தேன்.

இந்த வருடம் புதிதாகப் போட்டேன். பதினான்கு நாள், ஐந்து ஊர். புடாபெஸ்ட் மூன்று இரவு, வியன்னா மூன்று, பிராக் மூன்று, டிரெஸ்டன் இரண்டு, பெர்லின் இரண்டு. கூடவே ஓரகத்தி திருடிக்கொண்டு போக இன்னொரு திட்டமும் போட்டேன். அதே ஊர்கள், அதே பதினான்கு நாள், ஆனால் ஆளைக் கொல்லும் திட்டம்.

அதை என் வீட்டுக்காரரிடம் மறைக்கவில்லை. சொன்னதும் முதலில் திகைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வியன்னாவுக்கு ஞாயித்துக்கிழமை போய்ச் சேர்ற மாதிரி போட்டிருக்கேன். கடை எல்லாம் பூட்டியிருக்கும். உங்க தம்பி பொண்டாட்டி காத்துதான் வாங்கணும்" என்றேன்.

"அவனுக்கு முட்டி வலி. லிஃப்ட் இல்லாத அஞ்சாவது மாடியா ஒரு ரூம் பாரு."

"நடுவுல வண்டி மாற ஆறு நிமிஷம்."

"ரெண்டு பெரிய பெட்டியோடயா?" என்று கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இப்படிப் போனது. உண்மையைச் சொன்னால், எனக்குப் பயணமே தேவையில்லை என்று தோன்றிய நாட்கள் அவை. இவர் கடைசியில் என் பக்கம் வந்துவிட்டார், அது போதும் என்று இருந்தது.

பொறியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். ஓரகத்தி வந்தாள், அந்தத் தாள்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலேயே தட்டை வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். என்ன நடிப்பு என்று நினைத்தேன்.

"இது வேலைக்காகாது. நான் தம்பிக்குத் தெரியாத்தனமா அனுப்பின மாதிரி அனுப்பிடறேன்" என்றார் அவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த மாதம் விசாவுக்கு மனுச் செய்தோம். பத்தாம் நாள் தூதரகத்திலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், தனித்தனியாகக் கேட்பார்களாம். கூடத்தில் வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எண் ஒளிரும் பலகை. என் எண் முதலில் வந்தது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. ஊர்களைக் கேட்டார், நாட்களைக் கேட்டார். மனப்பாடமாகச் சொன்னேன். திட்டம் போட்டது யார் என்றார். நான்தான் என்றேன். உடனே ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார்.

என் திட்டம். பொறி இல்லை, அசல். பிராகிலிருந்து டிரெஸ்டன் போகும் ரயிலில் வலது பக்கம் உட்கார வேண்டும் என்பது முதல், ஒவ்வொரு வண்டி மாற்றத்துக்கும் பக்கத்தில் இருந்த சின்ன வட்டம்வரை.

"இது இன்னொரு மனுவில் வந்தது. அதே தேதி, அதே அறைகள், அதே குடும்பப் பெயர். இந்த வட்டங்களுக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மேலே உங்கள் மொழியில் ஏதோ எழுதியிருக்கிறது, அதையும் சொல்லுங்கள்" என்றார்.

கொழுந்தன் தனக்கு வந்த மின்னஞ்சலை அப்படியே அச்செடுத்துக் கொடுத்திருந்தார். மேலே என் வீட்டுக்காரர் எழுதிய நாலு வரியும் கூடவே வந்திருந்தது.

"தம்பி, இதுதான் உண்மையான பிளான். இன்னொண்ணு கைக்கு வந்தா தொடாத, அது உங்க அண்ணி கோவத்துல போட்டது. போன தடவை மாதிரியே நான் குடுத்ததா யாருக்கும் தெரிய வேண்டாம். உன் வீட்டம்மாகிட்டயும் நீயே போட்டதாவே சொல்லிக்க."

முதல் தடவை படித்தபோது எழுத்துதான் தெரிந்தது. இரண்டாம் தடவைதான் புரிந்தது. போன தடவை மாதிரியே. அப்படியானால் போன தடவையும் இவர்தான். ஓரகத்தி அன்று விருந்தில் சொன்னது அவளுக்குச் சொல்லப்பட்ட பொய். ஒரு வருடமாக நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது ஒரு பாவமும் அறியாதவள் மேல். அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தது, எந்தத் திட்டத்தைத் தம்பி தொடக் கூடாது என்று தெரிந்துகொள்ள.

கைப்பையைத் திறந்து என் அலுவலக அட்டையை எடுத்துக்கொண்டேன்.

"என் கணவர் தன் தம்பிக்கு எழுதினது. இதுதான் அசல், இதையே வச்சுக்கோன்னு எழுதியிருக்கார்" என்றேன். வட்டத்துக்கும் விளக்கம் சொன்னேன், அட்டையைக் காட்டினேன். அதிகாரி தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

"உங்கள் கணவருக்குத் திட்டம் தெரியுமா?"

"அவரையே கேளுங்க."

வெளியே வந்தேன். இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன கேட்டாங்க?"

"எந்த ஊரு, எத்தனை நாளு. அவ்வளவுதான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "முதல்ல எந்த ஊருமா?"

தம்பிக்கு அனுப்பத் தெரிந்தது. ஒரு தடவை திறந்து படிக்கத் தோன்றவில்லை. அந்தக் கண்ணாடி முன்னால் வராத அழுகை எனக்கு அங்கே வரப் பார்த்தது. விழுங்கிக்கொண்டேன். பிறகு டிப்போவில் வேலை பார்க்கிறவளாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"முதல்ல பெர்லின். நாலு நாள்" என்றேன்.

"பெர்லின் நாலு."

"அப்புறம் பிராக். ஒரு நாள். அங்கேருந்து வியன்னா, அஞ்சு. கடைசியா புடாபெஸ்ட், அங்கேருந்துதான் விமானம் ஏறித் திரும்பறோம்."

"நடுவுல இன்னொரு ஊரு உண்டே."

"டிரெஸ்டன். அத எடுத்துட்டேன். கேட்டா அப்படி ஒரு ஊரே நமக்கு இல்லைன்னு சொல்லிடுங்க. தயங்காம சொல்லணும், தயங்கினா சந்தேகப்படுவாங்க."

விரலை மடக்கி மடக்கிச் சொல்லிப் பார்த்தார். ஒரு இடத்தில் வியன்னாவுக்கு மூன்று என்று, எங்கிருந்து வந்ததோ, சரியாகச் சொல்லிவிட்டார். "மூணு இல்ல, அஞ்சு" என்று திருத்தினேன். நல்ல பிள்ளை போல் தலையாட்டி முதலிலிருந்து தொடங்கினார். அவர் எண் வந்தது. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நீ இருக்கறதால எனக்குக் கவலையே இல்ல" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு என் மனம் இளகியது. கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். நாலு அடிதான் போயிருந்தார். நான் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து குடித்தேன். குடித்து முடித்தபோது கதவு மூடிவிட்டது. அப்போது எனக்கு வந்த நிம்மதியை மறைத்துச் சொல்லப் போவதில்லை.

இரண்டு வாரத்தில் பாஸ்போர்ட்டுகள் வந்தன. என்னுடையதில் விசா ஒட்டியிருந்தது. அவருடையதில் ஒரு கடிதம். மனுவில் சொன்னதும் நேரில் சொன்னதும் பொருந்தவில்லை என்று நாகரிகமாக எழுதியிருந்தார்கள். கொழுந்தன் வீட்டிலும் இரண்டும் வெறுமையாகத் திரும்பின. அதில் ஒன்று ஓரகத்தியுடையது. அவளிடம் நான் போய்ப் பேச வேண்டிய பேச்சு தனியாக இருக்கிறது.

அவர் கூடத்தில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடிதத்தை மறுபடி படித்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியல. நீ சொல்லிக்குடுத்தத ஒரு எழுத்து மாறாம சொன்னேன். எங்க தப்பாச்சு?"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் தப்பா சொல்லிக்குடுத்தேன்."

நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப சரியான பிளான்?"

"அது உங்க தம்பிகிட்ட இருக்கு. மேலே நாலு வரி எழுதி நீங்கதான் அனுப்பினீங்க. அங்க இருந்த அதிகாரி அம்மா என்னையே வாசிச்சு அர்த்தம் சொல்லச் சொன்னாங்க."

அவர் கடிதத்தை மடித்து வைத்தார். "அவன் ஆசையா கேட்டான். சின்னதுலேருந்து அவன் எது கேட்டாலும் என்னால இல்லைன்னு சொல்ல முடியறதில்ல. நாம எப்ப வேணா போய்க்கலாம்னுதான்…"

"நாமங்கறது யாரு?"

எழுந்து பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கினேன். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நீ போகத்தான் போறியா?"

"பதினாலு நாள்."

"யாரோட?"

பெட்டியின் தூசியைத் துடைத்துத் துணியை மடித்தேன்.

"இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்டுல எப்படி இருந்தேனோ, அப்படியேதான் போறேன். தனியா."