மௌலா அலியில் மறைந்த நட்சத்திரம்

அன்று வித்யாலட்சுமி ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்து, இருட்டுவதற்குள் டெலஸ்கோப்பை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டாள். மௌலா அலியில் அவர்கள் இருந்த ஸ்டாஃப் காலனியில் அந்த மாடியிலிருந்துதான் வானம் நன்றாகத் தெரியும்.

ஒரு வால்நட்சத்திரம் அன்று மாலை வெகு தொலைவில் உள்ள ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போக இருந்தது. வால்நட்சத்திரத்தின் நடுவில் இருப்பது பனியும் தூசியும் கலந்த சின்ன உருண்டை. அது நட்சத்திரத்தை மறைத்தால், நிழல் ஒரு குறுகலான பட்டையாகப் பூமியில் ஓடும். பட்டைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் நட்சத்திரம் ஒரு கணம் அணைந்து திரும்ப வரும். பட்டை எந்த ஊர்மேல் விழும் என்று கணக்குப் போட்டவர்களுக்கே நிச்சயமில்லை. அதனால் சில கிலோமீட்டர் தள்ளி, ஹப்சிகுடாவில் அவள் சிநேகிதி நஸ்ரினும் தன் வீட்டு மாடியில் இன்னொரு டெலஸ்கோப்போடு காத்திருந்தாள். நஸ்ரின் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர்.

கணவர் ஆனந்தகுமார் காபியோடு மேலே வந்த நேரம், டெலஸ்கோப் கேமராவோடு இணைத்திருந்த லேப்டாப் திரையில் அந்த நட்சத்திரம் சட்டென்று காணாமல் போய்த் திரும்ப வந்தது. இரண்டு பேருமே பார்த்தார்கள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையோடு காலனி வாட்ஸப் குரூப்பில் செய்தி போட்டுவிட்டார்.

வித்யா நஸ்ரினுக்கு போன் செய்தாள். அங்கே நட்சத்திரம் அசையாமல் எரிந்ததாம். பட்டையின் ஓரம் இரண்டு வீடுகளுக்கும் நடுவே போயிருக்கலாம், அதில் தப்பில்லை என்றாள் நஸ்ரின். ஆனால் அந்தக் கணத்தில் வால்நட்சத்திரம் எப்படித் தெரிந்தது என்று கேட்டாள்.

அதை வித்யா கவனிக்கவில்லை. வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தாள். முதலில் இடது ஓரத்தில் ஒரு மங்கலான நட்சத்திரம் மறைந்து திரும்பியது. அடுத்து நடுவில் அவர்களுடைய நட்சத்திரம். கூடவே வால்நட்சத்திரத்தைச் சுற்றியிருந்த வெண்புகையும் மறைந்தது. கடைசியாக வலது ஓரத்தில் இன்னொன்று.

"வால்நட்சத்திரம் தன்னையே எப்படி மறைச்சுக்கும்?" என்றாள் வித்யா. "ஏதோ குறுக்கே பறந்திருக்கு."

ஆனந்தகுமார் போனை எடுத்துப் பார்த்தார். "எல்லாரும் வாழ்த்து அனுப்பிட்டிருக்காங்க. இப்ப என்ன போடறது?"

"பறவைன்னு போடுங்க."

அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும், மறைப்பு எதுவும் இல்லை என்றே அவளும் நஸ்ரினும் கணக்குப் போட்டவர்களுக்குத் தகவல் அனுப்பினார்கள். அடுத்த வாரம் பதில் வந்தது. தெற்கே மகபூப்நகர் பக்கம் ஒருவருக்கு நட்சத்திரம் நிஜமாகவே மறைந்திருக்கிறது. நிழல் வடக்கே இவ்வளவு தூரம் வரவில்லை என்பதற்கு இவர்களுடைய 'இல்லை'தான் ஆதாரமாம். நஸ்ரின் அந்த வரியை போனில் இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

ஆனாலும் இருட்டிய பிறகு அவ்வளவு பெரிதாக என்ன பறந்தது என்ற கேள்வி வித்யாவை விடவில்லை. அந்தச் சனிக்கிழமை நஸ்ரினையும் வரச் சொன்னாள். டெலஸ்கோப் இல்லாமல், வெறும் பைனாகுலரோடு மூவரும் மாடியில் உட்கார்ந்தார்கள். வெளிச்சம் போன சற்று நேரத்தில், காலனிக்குப் பின்னால் இருந்த மௌலா அலி மலைப் பாறைகளின் பக்கமிருந்து அகலமான சிறகுகள் சத்தமே இல்லாமல் வந்தன. தண்ணீர்த் தொட்டியின்மேல் ஒரு கொம்பன் ஆந்தை உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி அவர்களையே பார்த்தது.