முப்பத்தொன்றாம் நம்பர் டோக்கன்

கும்பலாக மலை ஏறுவது எனக்கு அறவே பிடிக்காது. விசில் ஊதினால் நிற்க வேண்டும், விசில் ஊதினால் சாப்பிட வேண்டும். அது மலையேற்றமா, ஷிஃப்டா? ஆனாலும் 1987இல், மண்ணூர்பேட்டையில் எங்கள் கம்பெனியின் மலையேற்ற மன்றத்தில் சேர்ந்தேன். நாகலாபுரம் மலைக்குப் போக அவர்களிடம்தான் வண்டி இருந்தது.

மன்றத் தலைவர் ஃபோர்மேன் ஜானகிராமன். கம்பெனி வழக்கத்தை அப்படியே காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் மனிதர். வேலைக்கு வந்ததும் கேட் பலகையில் மாட்டுவோமே பித்தளை டோக்கன், அதை அடிவாரத்தில் அவர் பையில் போட வேண்டும். இறங்கியதும் நம்பர் கூப்பிடுவார். வாங்கிக்கொண்டு வண்டி ஏற வேண்டும். ஒரு டோக்கன் மிஞ்சினாலும் வண்டி நகராது. என் நம்பர் முப்பத்தொன்று.

அதற்கும் என்னிடம் வழி இருந்தது. பக்கத்து மிஷின் கோதண்டம், கோவில்பதாகைக்காரன். ஆறு வருஷமாக நான் லேட்டானால் என் டோக்கனையும் அவன்தான் மாட்டுவான். அவன் லேட்டானால் நான்.

"மச்சான், நான் தனியா சுத்திட்டு ஊத்துக்கோட்டை பஸ் புடிச்சி ஊட்டுக்கு வந்துடறேன். என் டோக்கனை வாங்கி வெச்சிக்கோ."

"அத்த நான் பாத்துக்கறேன். நீ போ மாமே."

இரண்டு மணி நேரம் மனித வாடையே இல்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! இறங்கும்போது ஒரு கல் உருண்டது. இடது கணுக்கால் மடங்கி முறிந்தது. ஊன்றவே முடியவில்லை.

கீழே வண்டியின் கூரை தெரிந்தது. ஃபோர்மேன் குரலும் கேட்டது.

"முப்பத்தொண்ணு! எங்கய்யா இக்னேஷியஸ்?"

"அவன் அப்பவே வண்டில ஏறிட்டான் சார். எங்கிட்ட குடுங்க!"

"டேய் கோதண்டம், நான் இங்க கீறேன்டா!" தொண்டை கிழியக் கத்தினேன். வண்டியில் பாட்டும் கைதட்டலும் தொடங்கிவிட்டன. வண்டி போய்விட்டது. பயந்தேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று ஞாயிறு; மறுநாள் திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகாவிட்டால் தேடுவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். திங்கள் காலை போனது, மத்தியானமும் போனது. யாரும் வரவில்லை. சாயங்காலம் விறகு பொறுக்க வந்த இரண்டு பேர் தூக்கிவந்தார்கள்.

செவ்வாயன்று ஆஸ்பத்திரிக்குக் கோதண்டம் சாத்துக்குடியோடு வந்தான். என் மனைவி சகாயமேரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம ராத்திரி பூரா தூங்கல. நேத்து காலைல கேட்டுக்கு ஓடினேன். வாட்ச்மேன் பலகையப் பாத்துட்டு, 'முப்பத்தொண்ணு மாட்டிக்கீதும்மா, உள்ளதான் கீறாரு'ன்னாரு. நேரா வேலைக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சி, மீன் வாங்கியாந்து கொழம்பு வெச்சேன்."

கோதண்டம் தலை குனிந்தபடி என் டோக்கனை எடுத்து மெத்தையில் வைத்தான்.

"இன்னிக்கு மாட்டல மாமே," என்றான்.