பேச்சிக்காகக் குரைத்தவள்

1

இந்தக் கதை ஒரு குரைப்பில் பிறந்தது. குரைத்தது நாய் அல்ல. (கடைசிவரை மறைத்திருக்க வேண்டியது. தலைப்பே காட்டிக்கொடுத்துவிட்டது.) 1996இல் மைசூரில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில், நாய்களுக்கு வீடு தேடும் முகாம் நடந்துகொண்டிருந்தது. அங்கே காதில் விழுந்ததோடு விழாததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘அரண்மனையின் விளக்குகள் ஒவ்வொன்றாக…’ வேண்டாம். மைசூர்க் கதைகள் எல்லாம் அந்த விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வருகின்றன.

இரண்டாவது: ‘வடிவு காலையிலிருந்தே பள்ளி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.’ இது இருக்கட்டும்.

2

வடிவு ஊதுபத்தித் தொழிற்சாலையில் வேலை செய்பவள். தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களைக் கூட்டாளிகளோடு சேர்ந்து தேற்றுவாள். ஞாயிறானால் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பள்ளி மைதானத்தில் நின்று அவற்றைத் தத்துக் கொடுப்பாள். நாய்களை வைத்திருந்த கொட்டகையை இந்த ஞாயிற்றுக்கு மறுநாள் காலி செய்தாக வேண்டும். மற்றவையெல்லாம் வீடு சேர்ந்துவிட்டன. மிச்சம் பேச்சி மட்டும். வடிவின் வீட்டுக்காரர் நாயை வாசலில்கூட விடமாட்டார். (வீட்டின் சொந்தக்காரரைச் சொல்கிறேன். அவளுக்குக் கணவர் இல்லை, நான் எழுதவில்லை.)

பேச்சிக்குச் செம்பட்டை நிறம், ஒரு காது பாதி. பெயருக்கு நேர்மாறாக வாயே திறக்காது. இரண்டு வீடுகள் திருப்பி அனுப்பிவிட்டன. இரண்டாவது வீட்டில், சைக்கிள் திருடனை அது வாலாட்டி வழியனுப்பியதாம்.

3

நஞ்சுண்டசாமி வந்தார். மார்க்கெட்டில் தேங்காய்க் கடை வைத்திருப்பவர்.

“கொரைக்குமா? திருட்டு பயம்மா.”

[இங்கே வடிவு உண்மையைச் சொல்வதாக எழுதினேன். அவர் போய்விட்டார், கதையும் கூடவே போய்விட்டது. அடித்துவிட்டேன்.]

“தெருவே எழுந்திரிக்கும் சார்.”

“எங்கே, ஒரு தடவ கேக்கலாமா?”

சங்கிலியைச் சரிசெய்கிற சாக்கில் வடிவு மேசைக்கடியில் குனிந்தாள். “வவ்! வவ் வவ்!”

பேச்சி அவளை உற்றுப் பார்த்தது. (நாயின் மனதுக்குள் நுழைய எனக்கு உரிமை கிடையாது. ஆனால் பார்த்தது.)

“சந்தோஷம்மா” என்று சங்கிலியை வாங்கிக்கொண்டு அவர் நடந்தார்.

4

பின்னால் நின்றிருந்த நாச்சம்மாள் நெருங்கி வந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்து, மகனோடு ஒற்றை அறை வீட்டில் இருப்பவள்.

“ஏங்கண்ணு, கொரச்சது நீதான?”

வடிவு தலையாட்டினாள்.

“போன வாரமே அந்த நாயப் பாத்து வெச்சுட்டுப் போனனே! பையனுக்கு ராத்திரி சிப்டு. பகல்ல அவன் தூங்கோணும்னு நா ஒருத்தியே வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கறேன். கொரைக்காத சீவன் ஒண்ணு பக்கத்துல இருந்தாத் தேவலைன்னு வந்தேன்.”

வடிவு ஓடினாள். (செருப்பு அறுந்தது என்று முதலில் எழுதினேன். கதைகளில் ஓடுகிற பெண்களுக்கெல்லாம் அறுகிறது. இவளுக்கு அறவில்லை.)

5

நஞ்சுண்டசாமி ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். பேச்சி அதில் கால் வைக்கும் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

“சார், அது குரைக்காது. குரைச்சது நான்தான்.”

“கொத்தும்மா.” (தெரியும் என்பதைக் கன்னடத்தில் சொன்னார்.) “நாய் வாயே தெறக்கலையே! இத்தன பேர் முன்னாடி ஒரு நாய்க்காகக் கொரைக்கிறீங்க. அப்ப இது எப்படிப்பட்ட நாயா இருக்கும்னுதான் வாங்கினேன்.”

வடிவு நாச்சம்மாளைப் பற்றிச் சொன்னாள். அதற்குள் நாச்சம்மாளே மூச்சிரைக்க வந்து நின்றாள். நஞ்சுண்டசாமி வண்டியை நிறுத்தினார்.

“திருடனுக்காகன்னு சொன்னேன். அதில்லம்மா. கடைய மூடிட்டுப் போனா வீட்ல ஒரு சத்தம் இருக்காது. அதுக்குத்தான் கேட்டேன்” என்றவர், சங்கிலியை வடிவின் கையில் வைத்தார். “நீங்களே சொல்லுங்க.”

நாச்சம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சியின் பாதிக் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

6

நாச்சம்மாளுக்குக் கொடுத்து எழுதினேன். நஞ்சுண்டசாமி வெறும் ஸ்கூட்டரில் திரும்புகிற வரியில் பேனா நின்றுவிட்டது. அவருக்குக் கொடுத்து எழுதினேன். நாச்சம்மாள் பஸ்ஸில் ஜன்னலோரம்… முடியவில்லை. இரண்டு பேருக்கும் கல்யாணம் செய்துவைத்துவிடு என்கிறார் ஒரு நண்பர். அவருக்கு நாயே கொடுக்கக் கூடாது.

ஆகவே சங்கிலியை உங்களிடம் தருகிறேன். யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். நாமே வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றுகிறதா? தாராளமாக. ஆனால் வடிவு எதிரே நிற்கிறாள்.

“பகல்ல உங்க வீட்ல யார் இருப்பாங்க?” என்கிறாள்.

சொல்லுங்கள்.