பின்கதவுச் சாவி

இரண்டு நாற்காலிகளின் மேல் வைத்திருந்த சவப்பெட்டிக்கு அடியில் குனிந்து, தொமாசா தரையில் சுண்ணாம்பால் சிலுவை இழுத்துக்கொண்டிருந்தபோது கிரிஸ்பின் வந்தான். தொப்பி கையில் இருந்தது. கொடி இல்லை.

தொழிலாளர் சங்கத்து ஆள் யார் செத்தாலும் சிவப்பும் கறுப்புமான கொடி வரும். பெட்டியின் மேல் விரிப்பார்கள், ஆறு பேர் தோள் கொடுப்பார்கள். சாயம் அரைக்கும் கிழவன் போன மாதம் குடித்துவிட்டுக் கால்வாயில் விழுந்து செத்தான், அவனுக்குக்கூட வந்தது. ஓவியருக்குச் சுவரில் சாந்து பூசிய அவள் புருஷன் எலாதியோவுக்கு வரவில்லை.

"கொடி எங்கண்ணே?"

"வரும் தங்கச்சி. கமிட்டி பேசிக்கிட்டிருக்கு."

"செத்தவருக்குத் துணி போத்த அப்படியென்ன பேச்சு?"

கிரிஸ்பின் பிணத்தின் முன் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு அவன் கண் அடுப்படி தாண்டிக் கொல்லைப்பக்கம் போனதைத் தொமாசா பார்த்துவிட்டாள். அவள் பார்வைக்கு எதுவும் தப்பாது. பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கோயிலுக்கே போவாள். "ஜெயிலரம்மா" என்று எலாதியோ கேலி செய்வான். கிரிஸ்பின் அவர்கள் மகள் இனேஸுக்கு ஞானத்தகப்பன், எலாதியோவோடு ஒரே சாரத்தில் நின்று வேலை செய்தவன். அதற்காக அவனை நம்பிவிட முடியுமா?

இலவங்கப்பட்டை போட்ட காப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"பள்ளிக்கூடத்துப் பின்கதவுச் சாவி எங்க இருக்கு?"

"அவர் கழுத்துலதான் கெடக்கு. நீயே கழட்டிக்க."

கிரிஸ்பின் கை நீட்டவில்லை.

அந்தச் சாவி எலாதியோவிடம் இருந்ததற்குக் காரணம் உண்டு. அரசாங்கப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஓவியர் வரைந்தது ஈரச் சாந்தின் மேல். ஒரு நாளைக்கு எவ்வளவு வரைவாரோ அவ்வளவுதான் அன்றன்றைக்குப் பூச வேண்டும், அதுவும் ஓவியர் வந்து நிற்பதற்குள். குடியானவர்களையும் சுரங்கக்காரர்களையும் ஆளுயரத்துக்கு வரைந்ததில் மெக்சிகோ நகரத்துப் பெரிய மனிதர்களுக்கு வயிறு எரிந்தது. பத்திரிகைகள் கிறுக்கல் என்றன. பதினாறு நாளுக்கு முன் ஒரு மதியம், பணக்கார வீட்டு மாணவர்கள் கூட்டமாக உள்ளே நுழைந்து சுவரைக் கல்லால் அடித்து நாசம் செய்தார்கள்.

"முன்கேட்டுல காவல் இருந்துச்சு," என்றான் கிரிஸ்பின். "பின்கதவு வழியாத்தான் வந்திருக்கானுங்க. பூட்டு உடையல. சாவி ரெண்டுதான். ஒண்ணு ஓவியர்கிட்ட."

"அதனால எம் புருசன் தெறந்து விட்டாராக்கும்? வாயைக் கழுவிட்டுப் பேசு!"

"நான் சொல்லல, கமிட்டி சொல்லுது. இன்னொண்ணும் இருக்கு. கல்லு பட்ட எடமெல்லாம் பொத்தலும் பொடியுமா இருக்கு. ஒரு எடம் மட்டும் உளி வெச்சு சுத்தமா எடுத்திருக்கு, ஒரு நாள் பூச்சோட ஓரம் புடிச்சு. அந்த ஓரம் பூசினவன் கண்ணுக்குத்தான் தெரியும்."

"அங்க என்ன வரைஞ்சிருந்துச்சு?"

கிரிஸ்பின் காப்பிக்குள் பார்த்தான். "ஏதோ ஒரு மூஞ்சி."

தொமாசாவும் சந்தேகப்பட்டிருந்தாள். அந்த மதியம் எலாதியோ உடம்பெல்லாம் வெள்ளையாக வந்தான், சாப்பிடவில்லை, கொல்லையில் வெகுநேரம் என்னவோ தோண்டினான். கேட்டதற்கு எரிந்து விழுந்தான். கடைசி மூன்று நாள் காய்ச்சலில் "கதவு, கதவு" என்றே பிதற்றினான். வீட்டுக் கதவைச் சொல்கிறான் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். காட்டிக்கொடுப்பவனோடா பதினோரு வருஷம் குடும்பம் நடத்தினோம்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவனைப் புதைக்க அவளால் முடியாது.

அவனுடைய சாந்துக் கரணையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

கொல்லையில் சுண்ணாம்புக் குழி இருந்தது. எட்டு மாதமாக ஊறும் சுண்ணாம்பு, மேலே ஈர மணல், அதன் மேல் பலகை. பலகையைத் தள்ளி, கரணையால் மணலை வாரினாள். இரண்டாவது வாரலிலேயே சாக்குத் துணி தட்டுப்பட்டது. பிரித்தாள்.

சுவரின் துண்டு. அதில் எலாதியோ இருந்தான்.

அதே கோணல் மூக்கு, இடது புருவத்தில் அதே வெட்டு. ஓர் அதிகாரியின் காதருகே கை குவித்து, ஓரக்கண்ணால் பார்த்தபடி, யாரையோ காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியும், இவன் ஆள்காட்டி என்று. ஊரே வந்து போகிற சுவரில்.

தூக்கினாள். மூன்று பூச்சுக் கனத்தோடு பெயர்த்திருந்தான், நல்ல பாரம். இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அடுப்படிக்குள் வந்தாள். பின்னாலேயே பக்கத்து வீட்டு நாய் உள்ளே நுழைந்து ரொட்டிக் கூடையில் வாய் வைத்தது. கொல்லைக் கதவு அகலத் திறந்து கிடந்தது.

தொமாசா கதவைப் பார்த்தாள். தன் கைகளைப் பார்த்தாள்.

"கிரிஸ்பின் அண்ணே, இங்க வா."

அவன் வந்தான். துண்டைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"இதைத் தூக்கு."

தூக்கினான்.

"இப்ப பூட்டு, அந்தக் கதவை."

கிரிஸ்பின் துண்டோடு நின்றான். அவனுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. நாயை யாரும் விரட்டவில்லை.

"ஓவியர் ஆள்காட்டிக்கு ஒரு மூஞ்சி வேணும்னாரு," என்றான் கடைசியில். "இந்தா, எலாதியோ மூக்கு இருக்கேன்னு நாந்தான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சோம். அவனும் சிரிச்சான் தங்கச்சி, சத்தியமா."

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லல." துண்டில் ஒட்டியிருந்த மணலை அவள் துடைத்துவிட்டாள். "ஒடைச்சும் போடல பாரு. அவர் பூசின பூச்சு, மனசு வரல."

"கமிட்டிகிட்ட இதைக் காட்டினாப் போதும். தெறந்து விடல, ரெண்டு கையிலயும் இதைத் தூக்கிட்டு வந்ததால பூட்ட முடியலன்னு..."

"எதைக் காட்டி? இந்த மூஞ்சியையா? ஆள்காட்டியா வரைஞ்சதைக் காட்டித்தான் அவர் ஆள்காட்டி இல்லேன்னு சொல்லணுமா? எனக்கு வேணாம்."

கிரிஸ்பின் துண்டை மெல்லக் கீழே வைத்தான். சட்டைப் பொத்தானைக் கழற்றினான். வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த கொடியை உருவி எடுத்தான்.

"கொண்டுகிட்டுத்தான் வந்தியா?"

"வீட்டைச் சோதிச்சுப் பார்த்துட்டு, ஒண்ணும் இல்லேன்னா போடச் சொன்னாங்க."

"திரும்பிப் போய் என்ன சொல்லுவே?"

"பூட்டு பழசு, தானா தெறந்துக்குதுன்னு சொல்றேன். யாரும் போட்டுப் பார்க்காதபடி அந்தச் சாவி அவங்கூடவே போகட்டும்."

துண்டை இருவருமாகப் பெட்டிக்குள் இறக்கினார்கள், எலாதியோவின் காலடியில், முகம் கீழே இருக்கும்படி. அவள் அவன் கோணல் மூக்கை ஒருமுறை தடவினாள். மூடியை அறைந்து, மேலே கொடியை விரித்தான் கிரிஸ்பின். தெருமுனைக் கடையில் காத்திருந்த ஐந்து பேரைக் கூட்டிவந்தான்.

"ஆத்தாடி, ஒட்டடக்குச்சி மாதிரி இருந்தான், இந்தக் கனம் கனக்கிறானே!" என்றான் ஒருவன்.

"சுண்ணாம்பு தின்ன ஒடம்புடா. பேசாம தூக்கு," என்று கால்பக்கத்துக்குத் தோள் கொடுத்தான் கிரிஸ்பின்.

அவர்கள் தெருவில் இறங்கி நாலு வீடு தாண்டியிருப்பார்கள். பின்னாலிருந்து பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள்.

"ஏ தொமாசா! வீட்டுக் கதவு தெறந்து கெடக்குதுடி!"

தொமாசாவின் ஒரு கையில் மெழுகுவர்த்தி இருந்தது. இன்னொரு கையை இனேஸ் இறுகப் பிடித்திருந்தாள்.

"கெடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.